ஒரு சாண் மீனும் மொட்டை மயிலிறகும்

குகனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று ஜெலுத்தோங் அடுக்குமாடியில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பி, மத்தியானம் வெறுங்கையோடு லிஃப்டில் ஏறுகிற மனிதரைப் பார்த்து அவரவர் தாமாகவே தெரிந்துகொண்டார்கள்.

சாதாரணத் தூண்டில் போட்டிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது. குகன் பிடித்துக்கொண்டது ஃப்ளை ஃபிஷிங். அதில் புழு கிடையாது, ரொட்டி கிடையாது, கோழிக் குடல் கிடையாது. முள்ளின்மேல் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரி ஒன்றைச் செய்து, சாட்டை சுழற்றுவதுபோல் முன்னும் பின்னும் வீசி, தண்ணீரின்மேல் பூப்போல இறக்க வேண்டும். மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்ப வேண்டும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். இதில் குகன் செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். மீன்கள்தான் ஒத்துழைக்கவில்லை.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் அவருக்கு, பூதக்கண்ணாடி வழியாகப் பிறர் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அதைச் செய்வார். ஏழாம் நாள் கூலிம் பக்கத்து மீன்கள் அவர் செய்த பூச்சியில் குறை கண்டுபிடிக்கும்.

வீசப் பழகுவதற்குக் கார் நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர் தப்புதான். முதல் வாரமே முள் மேலே பறந்து, முதல் மாடியில் மூங்கில் கழியில் காய்ந்த தலையணை உறையைக் கவ்வி இழுத்து வந்தது. உறைக்குச் சொந்தக்காரியான ஜெகதீஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, எத்தன கிலோ நிக்குது? வெட்டிக் குடுங்க, சம்பால் வச்சிடறேன்!”

அன்றிலிருந்து லிஃப்டில் அக்காவைச் சந்தித்தால் குகன் படியேறிப் போவார்.

இவ்வளவுக்கும் அந்த ஆற்றங்கரையில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீர். ஃப்ளாஸ்கில் தேநீர். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. தலைக்குமேல் மூங்கில், அவர் கட்டிய பூச்சிகளில் பாதி இப்போதும் அதில்தான் வசிக்கின்றன. எதிர்க்கரையில் ஒரு மீன்கொத்தி. ஒரு பாய்ச்சலில் ஒரு மீன் என்று அது எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் குகனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். அது அவருடைய எண்ணம். பறவைக்கு வேறு வேலை இருந்திருக்கலாம்.

துணைக்கு வருகிறவர் பஷீர். டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். கோழிக் குடலை முள்ளில் மாட்டிப் போட்டுவிட்டுக் குட்டித்தூக்கம் போடுவார். எழுந்து பார்த்தால் கெளுத்தி காத்திருக்கும்.

“குகா, பசிக்கறவனுக்குச் சோறு போடணும்லா. நீ படம் காட்டற.”

படம் தத்ரூபமாக இல்லை என்பதுதான் சிக்கல் என்று குகன் நினைத்தார். இணையக் காணொளிகளில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே பொருளைச் சொன்னார்கள்: மயிலிறகு. அதன் பக்கவாட்டு இழை ஒன்றை முள்ளில் சுற்றினால் வெயில் பட்டதும் பச்சையும் செம்புமாய் மின்னும். எந்த மீனும் தாங்காது.

மயிலிறகு குகன் வீட்டிலேயே இருந்தது. அலமாரிக்கு மேல், பிளாஸ்டிக் குழாய்க்குள், பாச்சை உருண்டை போட்டு, ஐம்பத்தொரு இறகுகள். ஆனால் அவை குகனுடையவை அல்ல. மனைவி ருக்குமணியின் அண்ணன் ராமதாஸ் தைப்பூசத்துக்கு எடுக்கும் மயில்காவடியின் இறகுகள். ராமதாஸ் வீட்டில் இரண்டு பூனைகள். ஆகவே இறகுகளுக்குத் தங்கை வீட்டில் அடைக்கலம்.

முதலில் ஒரே ஓர் இழைதான் எடுத்தார். ஒரே இறகில் எடுத்தால் மற்ற ஐம்பதுக்கும் சேதமில்லை என்பது அவருடைய தர்மம். மாதங்கள் போகப்போக அந்த ஓர் இறகு, நுனியில் கண் மட்டும் மிஞ்சி, தின்று வைத்த மீன்முள்போல் ஆனது.

இந்த நிலையில் விரதம் வந்தது. தைப்பூசத்துக்கு ருக்குமணி பால்குடம் நேர்ந்திருந்தாள். திங்கட்கிழமை தொடங்கி நாற்பத்தெட்டு நாள் வீட்டில் கவிச்சி கிடையாது.

“நான் மீன சாப்பிடப் போறதில்ல, கொல்லப் போறதில்ல. புடிச்சி வுட்டுடப் போறேன். விரதத்துக்கு இதுல என்ன குத்தம்?” என்றார் குகன்.

“முள்ளு எங்க குத்தும்?”

“உதட்டுல. லேசாத்தான்.”

“அலகு மாதிரி?”

“அந்த மாதிரிதான்னு வச்சிக்கயேன்.”

“நம்மாளுங்க அலகு குத்திக்கணும்னா வேண்டிக்கிட்டு, விரதம் இருந்து, சாமிகிட்ட உத்தரவு கேட்டுல்ல குத்திக்கறாங்க? அந்த மீன் உங்ககிட்ட வந்து நேர்ந்துகிச்சா?”

குகன் தூண்டிலைத் துடைக்கத் தொடங்கினார்.

“இந்த ஞாயித்துக்கிழமதான் கடைசி. ஒரு மீனாச்சும் புடிச்சிட்டு வாங்க. இல்லன்னா அந்தக் குச்சியில இனிமே நான் துணி காயப்போட்டுக்கறேன். நம்ம மூங்கிலும் ஒடஞ்சிபோச்சி.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குச்சியின் நீளத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மாலை குகன் கடைசிப் பூச்சியைக் கட்டினார். அதற்காக இறகுக் குழாயை இறக்கி ஓர் இழை எடுத்துவிட்டு, மூடித் தரையில் வைத்தார். பக்கத்தில் தூண்டில் குழாய். இரண்டும் ஒரே குழாயை அவரே அறுத்துச் செய்தவை. ஒரே வெள்ளை, ஒரே மூடி. “பேர் எழுதி வைங்க” என்று ருக்குமணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “எனக்குத் தெரியாதா?” என்று குகனும் அத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு காலை ஆற்றங்கரையில் குழாயைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசம் வந்தது. உள்ளிருந்து ஐம்பத்தொரு மயில்கண்கள் அவரைப் பார்த்தன.

பஷீர் எட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், கல்லில் உட்கார்ந்து சிரித்து, முடியாமல் எழுந்து நின்று சிரித்தார். “காவடியாலா எடுக்கப் போற மீனுக்கு?”

அப்போதுதான் ஃபோன் அடித்தது.

“ஏங்க, அண்ணன் வந்திருக்கு.”

“சாயங்காலம்தானே வர்றதா சொன்னாரு?”

“எறக வெயில்ல வைக்கணுமாம், வெள்ளனவே வந்திடுச்சி. கொழாயத் தொறந்தா உள்ள உங்க குச்சி இருக்கு. சாமி எறகு எங்க?”

“பத்திரமா இருக்கு.”

“எங்கன்னு கேட்டேன்.”

“என்கிட்டதான்.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

குகன் ஆற்றைப் பார்த்தார். ஆறு உதவவில்லை. “ஆத்தங்கரையில.”

ஃபோன் கைமாறிய சத்தம் கேட்டது. “மாப்ளே” என்றார் ராமதாஸ், மிக மெதுவாக. “பக்கத்துல யாரு?”

“பஷீர் பாய், மச்சான்.”

“அவரு கையில என்ன?”

பொய் சொல்ல நேரமில்லை. “கோழிக் கொடலு.”

“ஒரு மணி நேரத்துல எறகு வீட்ல இருக்கணும்.”

கூலிமிலிருந்து பாலம் கடந்து ஜெலுத்தோங் சேர ஐம்பது நிமிடம். மிச்சம் பத்து நிமிடம். பஷீர் குடலைத் தூர வைத்துவிட்டு, கடையில் கழுவுவதைவிட நன்றாக மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்.

“குடுலா, நான் புடிச்சிக்கறேன். கீழ வைக்காத, கொரங்கு சுத்துது.” குழாயை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நின்றார். “போ, பத்து நிமிஷம் இருக்கு.”

“எதுல புடிக்கறது? கையிலயா?”

நான்கடி தள்ளி, தினமும் அங்கே குந்தியிருக்கும் ஹஸ்ருல் என்ற மலாய்க்காரர், இந்தக் கூத்தையெல்லாம் பாஷை புரியாமலே புரிந்துகொண்டு, தன் மூங்கில் தூண்டிலை நீட்டினார். “நா, அம்பில்லா.” இந்தா, எடுத்துக்கோ.

மூங்கில் கழி, நுனியில் கழி நீளத்தைவிட ஒரு முழம் கூடுதலாக நூல். சுருளி இல்லை, சாட்டை வீச்சு இல்லை. குகன் சட்டைப் பையில் இருந்த தன் கடைசிப் பூச்சியை நூலில் கட்டினார். இதை எப்படி வீசுவது என்று எந்த வெள்ளைக்காரரும் சொல்லித் தரவில்லை. ஆகவே அவர் வீசவில்லை. கையை நீட்டி, பாறை மறைவில் சுழித்த தண்ணீரின்மேல் பூச்சியைச் சும்மா வைத்தார்.

தண்ணீர் உடைந்தது. மூங்கில் வளைந்தது. குகன் தொண்டையிலிருந்து வந்தது என்ன சொல் என்று எந்த மொழிக்காரருக்கும் தெரியவில்லை.

வெள்ளி உடம்பு, நடுவில் மை இழுத்ததுபோல் ஒற்றைக் கறுப்புப் பட்டை. செபாராவ். அவர் பதினான்கு மாதமாகக் கனவில் பார்த்த அதே மீன், கனவைவிடக் கொஞ்சம் சின்னதாக.

“படம் எடு பாய்! படம்!”

“எந்தக் கையாலலா எடுப்பேன்?” என்று கத்தினார் பஷீர், குழாயைத் தலைக்குமேல் தூக்கியபடி.

பேசி முடித்ததும் கிளம்பும் அவசரத்தில் குகன் தன் ஃபோனைக் காரில் போட்டிருந்தார். ஹஸ்ருலிடம் ஃபோனே இல்லை. மீன் கையில் துடித்தது. குகன் அதன் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் ஏந்திப் பிடித்தார். வாலை ஒருதரம் அசைத்துவிட்டு அது போயே போய்விட்டது. எதிர்க்கரையில் மீன்கொத்தி தலையைத் திருப்பிக்கொண்டது.

ஹஸ்ருல் தலையில் அடித்துக்கொண்டார். பிடித்த மீனை விட்ட மனிதரை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார்.

ராமதாஸ் வாசலிலேயே குழாயை வாங்கிக்கொண்டார். குளித்துவிட்டுத்தான் அதைத் திறந்தார். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து இறகுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். குகன் நடுவே நின்று மீன் கதையைச் சொன்னார்.

“எவ்ளோ பெருசு?” என்றாள் ருக்குமணி.

“ஒரு மொழம்.”

“படம்?”

“இல்ல.”

“சாட்சி?”

“பஷீர் பாய்.”

“அவரு கடை மீன்தலக் கறியில தலையத் தேடிப் புடிக்கணும். அவரு சாட்சி.”

குகனுக்கு ரோஷம் வந்தது. சட்டைப் பையிலிருந்து பூச்சியை எடுத்து நீட்டினார். “இத பாரு! மீன் கடிச்சி பிஞ்சிருக்கு பாரு. பொய்யா சொல்றேன்?”

ராமதாஸ் கையை நீட்டி அதை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பச்சையும் செம்புமாய் மின்னியது. பிறகு துணியில் அடுக்கிய வரிசையைப் பார்த்தார். முப்பத்தெட்டாவது இடத்தில் நின்ற மொட்டைத் தண்டைப் பார்த்தார். பிறகு தங்கை கணவரைப் பார்த்தார்.

“மாப்ளே.”

“மச்சான்.”

“எத்தன பூச்சி?”

“நாப்பது இருக்கும்.”

“நாப்பதுல எத்தன மீனு?”

“ஒண்ணு.”

ராமதாஸ் கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் அவரும் ஒரு மனிதர். அந்தக் கணக்கைக் கேட்டதும் இரக்கம் முந்திக்கொண்டது. மொட்டைத் தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஐம்பத்தொண்ணுன்னு நேர்ந்தது ஐம்பத்தொண்ணுதான். இதையும் கட்டத்தான் போறேன். ஆனா காவடிக்குப் பின்னால, நான் உக்கார்ற முக்காலிய நீங்கதான் தூக்கிட்டு வரணும். தண்ணீர்மலை உச்சி வரைக்கும்.”

குகன் தலையாட்டினார்.

தூண்டில் வழக்குக்கு ருக்குமணி அன்று தீர்ப்புச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை குகன் குளித்து, விபூதி பூசி, கையில் விரதக் காப்புக் கட்டிக்கொண்டதும் சாமி அறை வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“இப்ப சொல்லுங்க. மீனு எவ்ளோ?”

குகன் முருகன் படத்தைப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஒரு சாண்.”

ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சாண்னு சொன்னீங்க பாருங்க, இப்ப நம்பறேன். புது மூங்கில் வாங்கிட்டு வந்துருங்க.” தூண்டில் அலமாரி மேல் ஏறியது. இந்தத் தடவை குழாயில் பெரிய எழுத்தில் பெயரோடு.

தைப்பூசத்தன்று மயில்காவடி புறப்பட்டது. ஐம்பது இறகுகள் தோகை விரித்து ஆட, பின்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் மொட்டைத் தண்டு ஒன்று கண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றது. முதல் தண்ணீர்ப் பந்தலில் ராமதாஸ் முக்காலியில் உட்கார்ந்ததுமே யாரோ கேட்டுவிட்டார்கள்: “அண்ணே, அது என்னா மொட்டையா?”

“அதுவா? எங்க மாப்ளைக்கு மீன் மாட்டின எறகு. ஒரு சாண் செபாராவ். மூங்கில் குச்சியில புடிச்சாரு, புடிச்சி வுட்டுட்டாரு.”

இரண்டாம் பந்தலில் அது ஒரு முழமாயிற்று. அங்கே ஜெகதீஸ்வரி அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். குகனைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், அவருக்கு மட்டும் இரண்டு குவளை மோர் ஊற்றிக் கொடுத்தார். மூன்றாம் பந்தலில் மீனுக்குப் பல் முளைத்தது. மலைப்படியில் பாதி ஏறியபோது, கதையில் மூங்கில் இரண்டாக ஒடிந்துவிட்டது. குகன் தண்ணீரில் குதித்துவிட்டார். உச்சியில், பால்குடத்தை இறக்கி வைத்த ருக்குமணியிடம் யாரோ ஒரு பெண்மணி விசாரிக்க, அவள் குகனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, காலியான இரண்டு கையையும் முடிந்தவரை விரித்துக் காட்டினாள்.

குகன் முக்காலியைத் தோளில் மாற்றிக்கொண்டார். விரதத்தில் பொய் சொல்லக் கூடாது. அது அவருக்குத் தெரியும். பிறர் சொல்வதைத் திருத்த வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.