அண்ணன் மறைத்த தலைவலி

நாங்கள் பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் செய்கிறோம். என் அண்ணனும் நாங்களும் சேர்ந்து ஆலப்புழையில் ஒரு பழைய படகுவீட்டை வாங்கி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தோம்.

அதில் ஜெனரேட்டர் வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது என் கணவர் தயங்கினார். "பழைய படகுங்க மச்சான், புகை உள்ள வந்துபோட்டா?" என்றார்.

"ஏசி இல்லாத படகுல இப்ப யாரு ஏறுறாங்க? நீயே சொல்லு அம்மணி" என்று அண்ணன் என்னிடம் திரும்பினார். நானும் அவர் பக்கமே பேசினேன். ஜெனரேட்டர் வந்தது.

பள்ளி விடுமுறையில் நாங்களே அந்தப் படகில் போனோம். மதியம் நல்ல மழை. மகள் சன்னல்களை அடைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பிடக் கூப்பிடப் போனேன். எழுப்ப எழுப்ப எழவில்லை. எனக்கும் தலை சுற்றியது. என் கணவர் அவளை வெளியே தூக்கிவந்து மழையிலேயே கிடத்தினார். வாந்தி எடுத்த பிறகுதான் கண் திறந்தாள். ஜெனரேட்டரின் விஷப்புகை அறைக்குள் கசிந்திருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

ஊர் திரும்பியதும் அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணி பதறிப்போய் அண்ணனைப் பார்த்தார். "ஏனுங்க, போன மாசம் நாம போனப்பவும் எல்லாருக்கும் தலைவலி வந்துச்சே. இவங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. "சொன்னா மாப்பிள்ளை கழட்டச் சொல்லிப்போடுவாரு. சீசன் முடியட்டும்னு இருந்தேன் அம்மணி."

என் மகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டோம். இப்போதெல்லாம் அண்ணன் எதைச் சொன்னாலும், அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் சம்மதிப்பதில்லை.