எட்டு தடவை மேல் அம்புக்குறி

முதலில் மன்னிப்பு. நான் பிளஸ் டூ தாண்டாதவன். லேக் மார்க்கெட்டில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். கடைக்கு வருகிறவர்களைப் பற்றி வாராவாரம் இங்கே ஏதோ எழுதுகிறேன், நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரம் விமானப் பொறியியல். அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. விஷயமே அதுதான்...

என் மகள் தாரிணிக்கு விமானம் வடிவமைக்க ஆசை. ரேங்க் வந்த அன்றே கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் — "பொண்ணு ஏரோஸ்பேஸ் படிக்கப் போறா." கால் கிலோவா, அரைக் கிலோவா என்பதற்கு மேல் வாய் திறக்காத ஆள் நான். இதை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன். போஸ் தாதா என்று ஒரு வங்காளி வாடிக்கையாளர்; தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அன்றிலிருந்து அவர் கடைக்குள் நுழையும்போதே, "கீ தாதா, ஆமாதேர் பைலட் கொத்தாய்?" என்பார். நம்ம பைலட் எங்கே என்று. பைலட் இல்லை என்று நான் திருத்தியதே இல்லை. கேட்க நன்றாக இருந்தது.

கவுன்சலிங் வந்தது. தாரிணி முதல் இடத்தில் மெக்கானிக்கல் போட்டாள், இங்கே பக்கத்து ஜாதவ்பூரில். ஏரோஸ்பேஸ் ஒன்பதாவது இடத்தில், தூரத்தில் ஏதோ ஒரு தனியார் கல்லூரி.

"என்னம்மா இது?"

"பிளேனும் மெஷின்தானேப்பா. இப்ப மெக்கானிக்கல், எம்.டெக்.ல ஏரோஸ்பேஸ். நடுவுல மனசு மாறினாலும் கையில ஒரு டிகிரி இருக்கும்."

தலையாட்டினேன். புரிந்ததா? பாதி. மீதிப் பாதியில் போஸ் தாதா நின்றுகொண்டிருந்தார். அவரிடம் என்ன சொல்வது?

மறுநாள் மதியம், கடையில் யாரும் இல்லை. எங்கள் கடையில் எதை எழுதுவதென்றாலும் சுவர்க் காலண்டரில்தான் — பால்காரர் நம்பர், கேஸ் புக்கிங், தாரிணியின் கவுன்சலிங் பாஸ்வேர்ட். ஓ.டி.பி.யும் என் போனுக்குத்தான் வரும். போனில் கவுன்சலிங் பக்கத்துக்குள் போனேன். ஏரோஸ்பேஸ் பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. அமுக்கினால் ஒரு படி ஏறும். எட்டு தடவை அமுக்கினேன். முதல் இடத்துக்கு வந்துவிட்டது. சேவ் செய்தேன்.

இவ்வளவு சுலபமா ஒரு பெண்ணின் படிப்பு?

சாயங்காலம் ஐந்து மணிக்குள் லாக் செய்ய வேண்டும். செய்துவிட்டால் மாற்ற முடியாது, மேலே இருப்பதைத்தான் முதலில் கொடுப்பார்கள். நாலரைக்கு தாரிணி கடைக்கு வந்து என் போனை எடுத்தாள். சொல்லி வைத்தாற்போல் போஸ் தாதாவும் வந்தார். "கீ ரே, பைலட்!"

"பைலட் இல்ல காக்கு, மெக்கானிக்கல்" என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தாள். "ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல எல்லாம் இதுக்குச் சண்டை. எங்க அப்பா ஒரு தடவை சொன்னதும் புரிஞ்சுக்கிட்டார்."

நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் லாக் பட்டன் மேல்.

"தாரிணி... ஒரு தடவை பார்த்துட்டு அமுக்கும்மா."

"மூணு தடவை பார்த்தாச்சுப்பா."

"நாலாவது தடவை பாரு."

குரலில் என்ன இருந்ததோ, பார்த்தாள். லிஸ்டின் மேலே போனாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த கரண்டியால் சிக்கரியை அள்ளிப் போட்டேன். அளவு மீறிப் போட்டேன்.

"கீ ஹோலோ?" என்றார் போஸ் தாதா. என்ன ஆச்சு?

"ஒண்ணுமில்ல காக்கு, சர்வர் ஸ்லோ." எட்டு தடவை கீழ் அம்புக்குறியை அமுக்கினாள். நான் எண்ணினேன். லாக் செய்தாள். போனை என் கையில் தராமல் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனாள்.

திட்டியிருக்கலாம். அந்த மனிதர் முன்னாலேயே திட்டியிருக்கலாம். காட்டிக்கொடுக்காமல் போனாளே, அதுதான் இதை எழுதும்போதும் தலை நிமிர விடவில்லை. பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறையில் எத்தனை பங்கு, வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்ட வார்த்தைக்காக?

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடை திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: காலண்டரில் பாஸ்வேர்ட் எழுதியிருந்த மூலை கிழித்து எடுக்கப்பட்டிருந்தது.