ஆளில்லாத மலை

திருகோணமலை டவுனில் கலியாணப் படம் எடுக்கிற அஞ்சலோவுக்குக் கை சும்மா இராது. பொம்பிளை மாப்பிளைக்குப் பின்னால் கொட்டாவி விடும் மாமா, குப்பை வாளி, காகம் என்று கண்ணில் படுகிறதையெல்லாம் கம்பியூட்டரில் அழித்துவிடுவான். அதற்காகவே ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள்.

போன வருசம் ஒரு கனடாச் சோடி, படம் எடுக்கவென்று அவனை இந்தோனேசியாவில் ஓர் எரிமலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனது. அவர்களுடைய வேலை முடிந்த மறுநாள் காலை, தனக்கென்று மலையை எடுக்கக் கிளம்பினான். சாம்பல் மணலில் கால் புதைந்து மூச்சு வாங்கியது. அங்கே ஒரு குதிரைக்காரர் அவனுடைய கமராப் பையைக் குதிரையில் ஏற்றி மேடு வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்கவில்லை. மலையோடும் குதிரையோடும் தன்னை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சைகை காட்டினார். அவனுடைய போனில் மகளின் நம்பரை அடித்து ஒரு ரிங்கும் விட்டார்.

"கட்டாயம் அனுப்புவன் ஐயா," என்றான் அஞ்சலோ தமிழிலேயே. மனுசன் விளங்கியதுபோல் தலையாட்டிவிட்டுக் குதிரையோடு போய் நின்றார்; அஞ்சலோ ஒரு படம் எடுத்தான்.

பாழாய்ப்போன வெளிச்சம் அந்த ஒரு படத்தில்தான் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. ஊருக்கு வந்ததும் குதிரையையும் ஆளையும் அழித்து, படத்தைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டினான். "தனியவோ ஏறினனீங்கள்?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். "ஓம், தனியத்தான்," என்றான். நாக்குக் கூசவில்லை. அடுத்த கலியாணப் படங்களுக்கு டிஸ்கில் இடம் வேண்டுமென்று மூலப் படத்தையும் துடைத்துவிட்டான்.

எட்டு மாதம் கழித்து மகள் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாள். அப்பா காலமாகிவிட்டார். குதிரையோடு அவர் நிற்கிற படம் வேறு எதுவும் இல்லை. அதை அனுப்ப முடியுமா?

அஞ்சலோ எல்லா டிஸ்கையும் கிண்டிப் பார்த்துவிட்டு, மனைவி கிறேஸிடம் நடந்ததைச் சொன்னான்.

"ஒரு நிமிசத்து வேலை. அப்பவே அனுப்பியிருக்கலாமே," என்றாள் கிறேஸ். "இப்ப உண்மையையாவது எழுதுங்கோ."

அவளுடைய முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அப்படியிருந்தும், படம் தொலைந்துவிட்டது என்றுதான் எழுதினான்.

"பரவாயில்லை சேர். அந்த மலைப் படமாவது இருந்தால் தாருங்கள்," என்று பதில் வந்தது.

அவனிடம் இருந்தது சுவரில் தொங்கிய படம் மட்டும்தான். அதையே அனுப்பினான். அவள் நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அப்பா எந்த இடத்தில் நின்றார்? ஒரு வட்டம் போட்டுக் காட்டுவீர்களா?"

அந்த இடம் அஞ்சலோவுக்கு அச்சொட்டாகத் தெரியும்.