தொண்டையைப் பார்க்காத ஞாயிறு

போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள எங்கள் தெரு இளம் டாக்டரம்மாவிடம் போயிருந்தேன். என் கையில் பட்டையைச் சுற்றியபடியே, மேஜையில் சாய்த்துவைத்த செல்போனில் ஏதோ வகுப்பை ஓடவிட்டிருந்தார். சத்தம் இல்லை. இப்படி வகுப்பு கேட்டுப் பாயின்ட் சேர்க்காவிட்டால் டாக்டர் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்களாம், சங்கடமாகச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. இந்த வயதில் கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறது. தவிர, எனக்கு அந்த யோக்கியதையும் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில், படித்து முடித்த சூட்டோடு ராசிபுரத்தில் கிளினிக் வைத்தேன். எங்களைப் போன்ற புது டாக்டர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு சேலத்தில் வகுப்பு. ஒரு பள்ளிக்கூட மாடியில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் படம் காட்டுவார்கள். துணியில் அந்துருண்டை வாசனை வீசும். இன்றைக்கும் பீரோவைத் திறந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. மருந்துக் கம்பெனிக்காரர் செலவில் நெய் ஒழுகும் பொங்கல் உண்டு. அறிவுத் தாகத்தில் போனேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள். பொங்கலுக்கும், அந்த இருட்டில் யாரும் எழுப்பாத இரண்டு மணி நேரத் தூக்கத்துக்கும்தான் போனேன். வாரத்தில் ஆறு நாளும் இருமலுக்கு நடுவே நின்று அலுத்த உடம்பு அது.

அப்படி ஒரு ஞாயிறு, எட்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பாவாயி வந்தார். தறிக்காரர் வீட்டுப் பெண். இடுப்பில் நாலு வயது மகள்; இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுதது. நாக்கை அழுத்திப் பார்க்க ஒரு நிமிஷம் பிடிக்கும். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"மூச்சு உடறப்ப ஒரு மாதிரி நாறுதுங்க சாமி" என்றார் பாவாயி.

சொத்தைப் பல்லாக இருக்கும் என்றேன். சல்பா மாத்திரையைப் பொடித்துத் தேனில் கொடுக்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

அன்றைய பாடம் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொண்ட மூத்த டாக்டரம்மா பேசினார். அந்த நோயில் மூச்சில் வரும் நாற்றத்தை முதலில் கண்டுபிடிப்பவள் தாய்தான் என்று அவர் சொன்னது பாதித் தூக்கத்தில் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் சுவரில் ஒரு குழந்தையின் தொண்டை, சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து. காலையில் வந்த பாவாயியின் குழந்தை நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அவரிடம் சொன்னேன்.

"தொண்டையப் பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

அவர் திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில், அந்த நோயின் நஞ்சை முறிக்கும் சீரத்தை வைத்துக் கொடுத்தார்.

பகல் இரண்டு மணிக்குப் பாவாயி வீட்டில் ஊசி போட்டேன். அன்றைக்கே சேலம் வார்டில் சேர்த்தோம். நாலாம் நாள் குழந்தை இட்லி கேட்டது. பத்தாம் நாள் காலை உட்கார்ந்து பால் குடித்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நோயின் நஞ்சு இதயத்துக்குப் போயிருந்தது. காலையிலேயே அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது.

காரியம் முடிந்ததும் பாவாயி கிளினிக்குக்கு வந்தார். "எம் புள்ளைக்காகச் சேலத்துல இருந்து ஓடி வந்தீங்களே சாமி, கூடப் பொறந்தவங்கூட வரமாட்டானுங்க." அதையே தெருத் தெருவாகச் சொன்னார். என் வாசலில் கூட்டம் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் அவர் யாரோ ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். நானும் நாடி பார்க்கத் தொடங்கிவிடுவேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

அந்த மாடியை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். மூத்த டாக்டரம்மா இல்லை. தடுப்பூசி வந்து அந்த நோயும் அருகிவிட்டது. எங்கள் தெரு டாக்டரம்மா அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாராம். நல்லது, அப்படியே இருக்கட்டும். பாவாயியும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தபடியே மருமகளிடம், "இவருதான் அன்னைக்கு ஓடியாந்த டாக்டரு" என்று என்னைக் காட்டினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.