உள்ளங்காலில் ஒரு பொட்டு

மகளுக்குக் கண் படாமலிருக்கத் தினமும் வலது உள்ளங்காலில் மைப் பொட்டு வைப்பேன். கன்னத்தில் வைத்தால் முகமெல்லாம் இழுத்துப் பூசிக்கொள்வாள். பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை அதே இடம்தான், விரல்களுக்குச் சற்றுக் கீழே. மை டப்பா தீர்ந்துபோனது. பிலிமத்தலாவைக்குக் கடைக்குப் போகும்போதெல்லாம் வாங்க மறந்தேன். ஒரு வாரத்துக்கு மேலாகியும் பொட்டு மட்டும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். கூச்சம் தாங்காமல் அவள் சிரித்தாள். பொட்டு அப்படியே இருந்தது.

“மச்சம்டி அது,” என்றார் கணவர். “உள்ளங்கால்ல மச்சம் இருந்தா வெளிநாடு போவாங்களாம். உன் தொல்லை தாங்காம புள்ள இப்பவே கெளம்புது.”

“எப்பங்க வந்துச்சு?”

“நீதானே தினம் அதுமேல மை வச்ச? என்னைக் கேக்குற!”

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் தைத்தது. எப்போது வந்தது, முன்பு எவ்வளவு இருந்தது, வளர்கிறதா, எதுவும் தெரியாது. போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தோல் புற்றுநோய் உள்ளங்காலிலும் வருமாம். வெயில்தான் காரணம் என்று நம்பி, தொப்பியும் நீளக் கையும் போடாமல் அவளை முற்றத்துக்கு விட்டதில்லை. பிறகு வெயிலே படாவிட்டால் எலும்பு பலவீனமாகும் என்று படித்துத் தொப்பியைக் கழற்றினேன். மறுபடி போட்டேன். வெயில் எட்டிப் பார்க்காத இடத்தில் இது எப்படி வந்தது?

கண்டியில் ஒரு தோல் டொக்டரிடம் கொண்டுபோனோம். அலவத்துகொடை முஸ்லிம், தமிழிலேயே பேசினார். மை வைத்த கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“கண்ணூறுக்கா?” என்று சிரித்தார். “என்ட உம்மாவும் எனக்குப் பூசினவதான்.”

வெளிச்சம் உள்ள சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் காலில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகர்ந்து, “நீங்களும் பாருங்க,” என்றார்.

குனிந்தேன். அது என் மகளின் கால் இல்லை. நான் பிறந்த பன்வில மலைச்சரிவு. வளைந்து வளைந்து போகும் ரேகை மேடுகள், இடையிடையே தேயிலைக்குள் வெட்டிய தண்ணீர்க் கான்கள்போல மெல்லிய பள்ளங்கள். மேடுகளின் உச்சியில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், வியர்வைத் துவாரங்களாம். மச்சத்தின் தவிட்டு நிறம் மழைத்தண்ணீர்போலப் பள்ளங்களில் மட்டும் ஓடியது. இரண்டு வருடமாக இந்தக் காலைக் கழுவுகிறேன், முத்தமிடுகிறேன். இப்படி ஒரு நிலம் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

“நெறம் பள்ளத்தில ஓடுது. அது நல்லது. மேட்டில ஏறியிருந்தா நான் இப்பிடிச் சிரிக்க மாட்டன். இது சாதாரண மச்சம்.”

“அப்ப புத்துநோய் வெயிலாலதானே வரும், டொக்டர்?”

“வெயில் ஒரு காரணம்தான். வெள்ளத் தோல்காரங்களுக்குப் பெரிய காரணம். நம்மட தோல்ல ஒவ்வொரு செல்லும் தன்ட உட்கருவுக்கு மேல வெயிலுக்குக் கறுப்புக் குடை பிடிச்சிக்கிட்டிருக்கு. ஆனா நம்மட ஆக்களுக்கு வந்தா, வெயில் படாத உள்ளங்கால்ல, நகத்துக்குக் கீழதான் கூட வரும். அது ஏனென்டு இன்னும் முழுசாத் தெரியா.”

டொக்டருக்கும் தெரியாது என்பது என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் அந்தக் குடைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். தொப்பி போடவா கழற்றவா என்று நான் வாசலில் தடுமாறிய காலைகளிலெல்லாம், கண்ணுக்குத் தெரியாத அத்தனை குடைகள் அவளுக்குள் விரிந்திருந்தன.

“தொப்பியப் போடுங்க, அதுவும் வேணும். மச்சம் பெருத்தா, நெறம் மாறினா ஒடன வாங்க,” என்றார். வாசல்வரை வந்தபின் கூப்பிட்டார். “மை பூசுறதென்டா மத்தக் கால்ல பூசுங்க. இந்தக் கால் எங்களுக்குப் பாக்க வேணும்.”

மறுநாள் புது மை வாங்கி இடது காலில் வைத்தேன். பிறகு, வெயிலுக்காக எப்போதும் இழுத்து மூடும் ஜன்னல் திரையைத் திறந்தேன். வலது உள்ளங்காலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மலைக்குப் பின்னாலிருந்து வந்த வெயில் அவள் பாதத்தில் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பள்ளங்கள் தெரிகின்றனவா என்று கண்ணைச் சுருக்கினேன். அவள் காலை உதறிச் சிரித்தாள், நான் விடவில்லை.