எல்லாவற்றுக்கும் ஆமாம் தட்டிய கிராணி

தம்பின் டவுன் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் வந்து, "பெரிய கிராணி போயிட்டாருலா, நேத்து சாயங்காலம்" என்றார். எந்தக் கிராணி என்று நான் கேட்கவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபிசில் கணக்கு எழுதிய கிராணிகளில், தன்னைத் தவிர எவனுக்கும் மூளை கிடையாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான். அவரைத் தெரிந்தவர்களுக்காக நான் சொல்லச் சொல்ல, என் மகள் எழுதுகிறாள்.

தொண்ணூறுகளில் ஆபிசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பியூனான என்னிடம், "இது படிச்சவன் சாமான். தூசி தட்டுறதோட நில்லு" என்பார்.

புது சிஸ்டம் போட்டதும் பழைய சம்பளக் கணக்கு ஓட மறுத்தது. தெமியாங் கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய சிஸ்டத்தின் ஃபைல்களை அமுக்கி ஒரே கட்டாக்கி, அதையே இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்துத் தந்தார். "ஒன்னத் தொடாம வைங்கண்ணே. இன்னொன்னக் காலி இடத்துல பிரிச்சு, என்ன இருக்குன்னு பார்த்து வேணுங்கிறத மட்டும் எடுங்க. புதுசு மேல பிரிச்சிராதீங்க."

"எனக்கே பாடமா?" என்று சிரித்தார் கிராணி.

ஆயுத பூஜை வந்தது. தொடாமல் வைக்கச் சொன்ன டிஸ்கை எடுத்து, தகட்டை விலக்கி, உள்ளேயே சந்தனமும் குங்குமமும் பூசினார். பால்வெட்டுக் கத்தியும் டிஸ்கும் அவருக்கு ஒன்றுதான்.

மறுநாள் மற்ற டிஸ்கைப் புது சிஸ்டத்தின் மேலேயே பிரித்தார். மெஷின் ஒவ்வொரு ஃபைலுக்கும் நின்று நின்று ஏதோ கேட்டது. அவர் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். திரை கறுத்துப்போனது. பூசிய டிஸ்கைச் செருகினார். குங்குமம்தான் உள்ளே போனது.

தீபாவளிச் சம்பளம் நின்றது. கடைக்காரர் வந்து பார்த்து, "இருக்கிறத அழிக்கட்டுமான்னு இங்கிலீஷ்ல கேட்டிருக்கு. யாரோ வாசிச்சு எல்லாத்துக்கும் ஆமா போட்டிருக்காங்க" என்றார்.

மானேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். கிராணி என்னைக் காட்டினார்.

"இவன்தான் சார். நான் சாப்பிடப் போன நேரம். இங்கிலீஷ் நல்லா வாசிப்பான்."

என் வேலையும் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் அந்தப் பேச்சில் தொங்கின. மானேஜர் போன மாதச் சம்பளத் தாளை எடுத்து, என் பெயருக்கு எதிரே இருந்த கைநாட்டைப் பார்த்தார்.

"இதா கிராணி, இங்கிலீஷ் வாசிக்கிற ஆளு?"

"எழுதத்தான் வராது சார்."

மானேஜர் என்னைப் போகச் சொன்னார். கிராணியை உட்காரச் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவரை அறிவாளி என்பார்கள், சொல்லட்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். என்னைப் படித்தவன் என்று நாலு பேர் முன்னால் சொன்ன ஒரே மனிதர் அவர்.