ஆஸ்பத்திரிச் சிங்களத்துக்கு ஒரு விலை

நான் முதலில் நினைத்த விலை எண்ணூறு ரூபாய். நுகேகொடையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் அதைச் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. விவரம் தெரியாதவர்களைப் பார்த்து இரக்கத்தோடு சிரிப்பார்களே, அது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"அக்கா, எண்ணூறு எண்டா சனம் இதைக் குப்பை எண்டு நினைக்கும். நீங்களே உங்கட பொருளை மதிக்கேல்ல எண்டா வேற ஆர் மதிக்கிறது?"

மற்றவர்கள் தயாரித்த பாடங்களையும் மின்நூல்களையும் இணையத்தில் விற்றுக்கொடுத்து, ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் எடுப்பது அவனுடைய தொழில். 'அஃபிலியேட்' என்பான். முகநூலில் அவன் பக்கத்தை ஏராளமான தமிழ்ச் சனம் பார்த்தது. என் தங்கச்சியும் பார்த்தாள். அவள் சொல்லித்தான் போனேன்.

நான் விற்க நினைத்தது ஆஸ்பத்திரிச் சிங்களம். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடு சிங்கள வீடு. விளையாடும்போது வந்த சிங்களம் அது, யாரும் உட்கார வைத்துப் படிப்பிக்கவில்லை. பிறகு வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் கவுண்டரில் பல வருடம் வேலை செய்தேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், சொன்னது விளங்காமல், சொல்ல வந்ததையும் சொல்ல முடியாமல் திரும்பி, கடன்பட்டு எங்களிடம் வந்த தமிழர்களை அங்கே பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டிய மருந்தை, ஒரு மொழி தெரியாத குற்றத்துக்காகக் காசுக்கு வாங்கினார்கள். என் கோபம் அந்தக் கவுண்டரிலேயே தொடங்கிவிட்டது.

வேலையை விட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் தேவைப்படும் பேச்சை மட்டும் சின்னச் சின்னப் பாடங்களாக எழுதினேன். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது. தாதி என்ன கேட்பாள், அதற்கு என்ன பதில். ஒரு பிடிஎஃப், அதோடு குரல்பதிவுகள். நோயாளியாக நான் பேசினேன், தாதியாகத் தங்கச்சி பேசினாள். இப்போது நாங்கள் இருக்கும் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். ரயில் போகும் சத்தம் வராமல் இருக்க ஜன்னலைப் பூட்டி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழியப் பதிந்தோம். அப்படியும் மூன்றாம் பாடத்தில் ரயில் கூவுகிறது.

முதலில் தெரிந்தவர்களிடம் சொன்னேன். "நல்ல வேலை செய்திருக்கிறீர். எனக்கு ஒரு கொப்பி அனுப்பிவிடும்" என்றார்கள். விலையைச் சொன்னதும் ஒரு சொந்தக்காரி, "ஃபோனிலதானே அனுப்பப் போறீர், இதுக்கு என்ன செலவு?" என்றாள். அவளுடைய மகன் கணக்கியல் ட்யூஷனுக்கு மாதாமாதம் கட்டும் காசு எனக்குத் தெரியும். அங்கே அவள் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. மாதக்கணக்கில் நாங்கள் உட்கார்ந்து செய்த வேலைக்கு, கடதாசியில் இல்லை என்ற ஒரே காரணத்தால், மதிப்பே இல்லை என்றாகிவிட்டது. அந்த எரிச்சலோடுதான் நுகேகொடைக்குப் போனேன்.

அவன் போட்ட விலை நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் என்று எழுதி, குறுக்கே கோடு.

"நான் ஒரு நாளும் பன்னிரண்டாயிரத்துக்கு வித்ததில்லையே" என்றேன்.

"ஒருத்தரும் வித்ததில்லை அக்கா. அது சும்மா பக்கத்தில நிக்கிற நம்பர். அதைப் பார்த்தாத்தான் இது மலிவாத் தெரியும்."

கமிஷன் சரிபாதி. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. "விக்கிறது நான், விளம்பரத்துக்குக் காசு போடுறதும் நான்" என்றான். அதில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியவில்லை. நான் ஒன்று மட்டும் கேட்டேன். விளம்பரத்தில் என்ன எழுதினாலும் எனக்குக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். "ஓம் அக்கா, கட்டாயம்" என்றான். ஒன்றையும் காட்டவில்லை.

விற்றது, அதை நான் மறைக்கவில்லை. கைத்தொலைபேசியில் அடிக்கடி 'உங்களுக்கு ஒரு விற்பனை' என்று செய்தி வந்தது. தங்கச்சி ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தாலும், இந்த விலைக்கு யார் வாங்குகிறார்கள் என்பது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

அது ஒரு காலை நேரத்தில் வந்த அழைப்பில் தெரிந்தது.

"மிஸ், நாங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். நீங்க எந்தக் கேட்டுகிட்ட நிக்கிறீங்க?"

மலைநாட்டுப் பெண்ணின் குரல். யார் என்று கேட்டேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவள். மஸ்கெலியாவில் இருந்து புருசன் ஸ்கேனுக்காக வந்திருக்கிறான். "காசு கட்டியாச்சே மிஸ். ஆள் கூட வருவாங்கன்னு போட்டிருந்துச்சே."

பாடத்தின் கடைசிப் பக்கத்தில், சந்தேகம் கேட்பதற்கு என்று என் ஃபோன் இலக்கத்தைப் போட்டிருந்தேன். அவள் அதைத் தன்னோடு வரப்போகிறவளின் இலக்கம் என்று நினைத்திருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வாசலில் மதில் ஓரமாக இரண்டு பேரும் நின்றார்கள். அவள் தன் ஃபோனில் விளம்பரத்தைக் காட்டினாள். 'ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமா? இனி நாங்கள் உங்களோடு வருகிறோம். இன்று மட்டும் இந்த விலை.' கீழே நிமிடங்கள் குறைந்துகொண்டே போகும் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பயந்து, வேலை செய்கிற வீட்டில் சம்பளத்தில் முன்பணம் வாங்கிக் கட்டியிருக்கிறாள். ஒரு பாடத்தைக்கூடக் கேட்கவில்லை. ஆள் வரும் என்றால் எதற்குப் படிக்க வேண்டும்?

உள்ளே போனோம். அவர்களைப் பார்த்ததும் தாதி, காலையில் சாப்பிட்டாரா என்று சிங்களத்தில் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். பாணும் தேத்தண்ணியும் என்றான் அவன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேனே என்று தாதி தலையில் கை வைத்தாள். போன தரம் அவன் வந்து திகதி எடுத்தபோது "ஹிஸ் படின் என்ன" என்று இரண்டு தரம் சொன்னாளாம். சிங்களத்தில் 'ஹிஸ் படின்' என்றால் 'வெறும் வயிற்றோடு', 'என்ன' என்றால் 'வாருங்கள்'. இவன் காதில் அது தமிழ் 'என்ன' என்று விழுந்திருக்கிறது. ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். ஆறாம் பாடத்தில் இதே வாக்கியம் இருக்கிறது. அதை நான் எழுதும்போது, இதனால் ஒருவன் எங்கேயோ தூரத்தில் இருந்து வந்து வெறுங்கையோடு திரும்பக்கூடும் என்று நினைத்தே எழுதினேன்.

அடுத்த திகதி சில வாரங்களுக்குப் பிறகு என்றாள். நான் சிங்களத்தில் நின்று கதைத்தேன். கெஞ்சினேன் என்று சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் கதைப்பது போலக் கதைத்தேன். அவள் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, நாளைக் காலை வரச் சொன்னாள். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். ஆனால் எனக்குக் கிடைத்த அந்த 'நாளைக் காலை' அவர்களுக்குக் கிடைத்திருக்காது. வெறும் வயிற்றோடு வரும்படி சுவரில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. தமிழில் இல்லை. தாதியிடமே ஒரு தாள் வாங்கித் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மேலே கேட்க வேண்டும் என்று சொல்லி மடித்து வைத்தாள்.

அன்று மத்தியானமே நுகேகொடைக்குப் போனேன்.

"வருகிறோம் எண்டு ஆர் எழுதினது?"

"அது எங்கட பொடியள் எழுதுறது அக்கா. குரல் கூட வரும் எண்ட அர்த்தத்தில போட்டது."

"அந்தப் பிள்ளை ஆள் வரும் எண்டு நம்பி வாசல்ல நிண்டது."

"ஒரு ஆள் பிழையா விளங்கினா நாங்கள் என்ன செய்யிறது? எவ்வளவு பேர் வாங்கியிருக்கினம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே. அக்கா, இமோஷனல் ஆகாதேங்கோ. இது பிஸ்னஸ்."

என் வாழ்க்கையில் எத்தனையோ ஆண்கள், நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என் மனநிலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவன் வயதில் சின்னவன் என்பதால் இன்னும் கூடுதலாக உறைத்தது. மேசையில் இருந்த அவனுடைய கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையின்ர முழுக் காசும் இண்டைக்குத் திரும்பிப் போகவேணும். விளம்பரம் எல்லாம் நிக்கவேணும்."

"உங்கட பாதியை நீங்கள் குடுங்கோ. என்ர பாதி விளம்பரத்துக்குப் போட்டுது."

முழுவதையும் நானே கொடுத்தேன். அவனோடு இருந்த ஒப்பந்தத்தை அந்த இடத்திலேயே முடித்தேன். நல்ல பாடம், நியாயமான விலை, அதை நேர்மையாகச் சொல்லி விற்க ஒரு ஆள். நான் தேடிப் போனது இவ்வளவுதான். படிகளில் இறங்கினேன். அழுகை வரவில்லை. திரும்பிப் போய் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணை அழைத்தேன். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். பாடங்களைச் சும்மாவே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாம் மிஸ். காசு வந்துருச்சு, அதே போதும். அதை அழிச்சிட்டேன்."

"உங்களுக்கு உதவும். திரும்பவும் போகவேண்டி வரும்."

"உதவும்தான். ஆனா இனிமே ஃபோன்ல வர்ற எதையும் நம்புறதா இல்ல, மிஸ்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவளுக்குக் கைகொடுக்க வேண்டிய பொருளின் மேலேயே அவன் அவளுக்கு வெறுப்பு வரச் செய்துவிட்டான். அவன் எடுத்த பாதிக் காசை எப்போதோ மறந்திருப்பேன். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அவனுடைய கூட்டத்தில் இருந்த யாரோ முழுப் பாடத்தையும் வாட்ஸ்அப் குழுக்களில் விட்டுவிட்டார்கள். எனக்கே அது, 'இலவசம், பகிருங்கள்' என்ற குறிப்போடு, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், முகத்துவாரத்தில் இருக்கும் பழைய சிநேகிதி ஒருத்தியிடம் இருந்து வந்தது. என்னுடைய குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கச்சி, "விடு அக்கா, நாலு சனத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்றாள். அன்று அவள் மேலும் எரிந்து விழுந்தேன். சேரட்டும், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அதை நான் கொடுக்க வேண்டும். களவு எடுத்தவன் தர்மம் பண்ணக்கூடாது.

ஒரு வாரம் கழித்து, புதிய பாடங்களைச் சேர்த்து மறுபடி விலை போட்டேன். ஆயிரத்து இருநூறு. என் சொந்தக்காரி முகம் சுளிக்கட்டும். கோடு போட்ட எண் இல்லை, ஓடும் கடிகாரமும் இல்லை. முதல் இரண்டு பாடம் இலவசம், கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இப்போது எனக்காக ஒருவர் மட்டும் விற்கிறார். வெளியூர் நோயாளிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற, கொட்டாஞ்சேனைக்காரர். அவரே கேட்டு வந்தார்.

"எனக்கு எவ்வளவு தருவீங்கள், தங்கச்சி?"

"நாலில ஒரு பங்கு. ஆனா எல்லாப் பாடத்தையும் நீங்கள் முதல்ல கேக்கவேணும், அண்ணை. நான் எழுதித் தாறதைத் தவிர வேற ஒண்டும் சொல்லக்கூடாது."

"பாதி தாற ஆக்களும் இருக்கினம்."

"ஓம். தெரியும்."

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மாதத்துக்குச் சில பேர் வாங்குகிறார்கள். வாடகைக்குப் போதாது, இணையக் கட்டணத்துக்குப் போதும். ஒருவர் தனக்கு இது சரிவராது என்று திருப்பிக் கேட்டார், அன்றே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் அவனுடைய புதிய விளம்பரம் என் ஃபோனில் வந்தது. முதல் மின்நூலுக்கு எப்படி விலை வைப்பது, கமிஷனுக்கு ஆட்களை எப்படிப் பிடிப்பது என்று இப்போது வகுப்பு எடுக்கிறானாம். சிரித்த முகம், பின்னால் அதே அலுவலகம். கீழே பாராட்டு வரிசையாக வந்துகொண்டிருந்தது. நடந்ததை உள்ளபடி எழுதினேன். கொஞ்ச நேரத்தில் நான் எழுதியது காணாமல் போயிற்று. மறுபடி எழுதினேன். அதையும் அழித்தான்.

தங்கச்சி ஜன்னலைப் பூட்டிவிட்டு, பிள்ளைப்பேற்று கிளினிக்குக்கான பாடத்தை எடுத்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரமும் எழுதிவிட்டுத்தான் போய் உட்கார்ந்தேன்.